பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்?

1

பெட்ரோல் ஊற்றுகிற மூடி காரின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று உங்களில் யாராவது யோசித்திருக்கிறீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். ஊரில் பம்பில் நிற்கிறவர் சுற்றி வந்து ஊற்றிவிடுவார். சாவியை நீட்டுவதோடு உங்கள் வேலை முடிந்தது. அயர்லாந்தில் நாமே இறங்கி, நாமே குழாயைப் பிடித்து ஊற்றிவிட்டு, உள்ளே போய் வரிசையில் நின்று பணம் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான். இங்கே மழை பெய்யாத நாள் எது? தப்பான பக்கம் வண்டியை நிறுத்தி, குழாயை இழுத்துப் பார்த்து, எட்டாமல், மறுபடி ஏறித் திருப்பி நிறுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். பதினாறு வருடம் முன்பு வந்த புதிதில் நானும் இதைச் செய்து, பின்னால் நின்றவர்களிடம் ஹாரன் வாங்கியிருக்கிறேன்.

இந்த விஷயத்தைப் பற்றி நான் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டேன். ஓட்டுகிறவர் பக்கம் இருப்பதுதான் வசதி என்கிறது ஒரு கட்சி, இறங்கினால் கையெட்டும் தூரம். சாலையோரப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்கிறது இன்னொரு கட்சி. வழியில் பெட்ரோல் தீர்ந்து கேனில் கொண்டுவந்து ஊற்றுகிறவன், ஓடுகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். புகைக்குழாய் இருக்கிற பக்கம் வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. இதற்கென்று சட்டம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் சாலையோரக் கட்சி, அதுவும் பைத்தியம் பிடித்த கட்சிக்காரி.

வழக்கமாக நம் தேவாலயப் பங்குத் திருவிழா மலருக்குப் பனி கொட்டியதைப் பற்றியோ, இந்தியக் கடையில் முருங்கைக்காய் விற்கிற விலையைப் பற்றியோ சிரிக்கச் சிரிக்க எழுதி அனுப்புவேன். இந்த முறை அது முடியாது. வருகிற மாதம் என் தம்பி ததேயுஸுக்குப் பதினோராவது ஆண்டுப் பூசை. அவனை நீங்கள் எல்லோரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

என் மகன் அஜினுக்குப் பதினேழு வயது. ஒரு வயதுக் குழந்தையாக இங்கே வந்தவன். பள்ளிக்கூடம் போக, சனி ஞாயிறுகளில் ஒரு கடையில் சாமான் அடுக்கிப் பணம் சேர்த்துவைத்து, பழைய சின்னக் கார் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தான். பழகுநர் உரிமம் கையில் இருந்தது. இந்த வயதுப் பிள்ளைக்கு இன்சூரன்ஸ் போடுவது இங்கே ஒரு பெரிய பாடு. எத்தனையோ கம்பெனிகளுக்குப் போன் போட்டு, கடைசியில் ஒரு கம்பெனி சம்மதித்து, அந்தக் காரின் நம்பரைப் போட்டு வைத்திருந்தது. கணவரும் நானும் அவனும் ஒரு சனிக்கிழமை காரைப் பார்க்கப் போனோம்.

கார் பார்க்கப் போகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், எஞ்சினைத் திறப்பார்கள். நான் நேரே பின்பக்கம் போனேன். மூடி வலதுபக்கம் இருந்தது. இங்கேயும் நம் ஊரைப் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். வலதுபக்க மூடி என்றால் நடுரோட்டுப் பக்க மூடி.

“வேண்டாம். வேற பாப்போம்” என்றேன்.

விற்கிற மனிதர் ஒன்றும் புரியாமல் நின்றார். அவருக்கு விளக்கப் போய், பெட்ரோல் மூடி என்பதற்கு ஆங்கிலத்தில் சரியான வார்த்தை வராமல் நான் எதையோ சொல்ல, அவர் டிக்கியைத் திறந்து காட்டினார். அஜின் காதுவரை சிவந்துபோய், கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்துவிட்டான். திங்கட்கிழமை இன்சூரன்ஸ்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். காரணம் எழுத வேண்டுமாம். மூடி வலதுபக்கம் இருக்கிறது என்றேன். மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சொந்தக் காரணம்” என்று போட்டுக்கொள்ளட்டுமா என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

3

ததேயுஸ் என்னைவிட மூன்று வயது இளையவன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் மேற்பார்வை வேலை. கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, நாலைந்து வருடம் பைக்கிலேயே குடும்பத்தைச் சுமந்தவன் பிறகு ஒரு பழைய கார் வாங்கினான். அதில் மூடி வலதுபக்கம். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று என்னிடம் போனில் பெருமையடித்தான்.

“அக்கா, டிரைவர் பக்கம் மூடி இருந்தாத்தான் நமக்கு நல்லது. பம்புக்காரன் மீட்டர சைபர் ஆக்குதானா இல்லியான்னு சீட்ல இருந்தே பாக்கலாம். இடது பக்கம்னா எட்டியெட்டிப் பாக்கணும்லா.”

நம் ஜில்லாக்காரன் பேச்சு. இவன் ஏமாற மாட்டான் என்று நானும் சிரித்தேன்.

நம் ஜில்லாக்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கேரளத்தில் பெட்ரோல் நம் பக்கத்தைவிடக் கொஞ்சம் விலை கூடுதல். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஆள் கூப்பிடப் போகிற வண்டி, போகும்போது எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகும். திரும்பும்போது முள் சிவப்பில் கிடந்தாலும் அங்கே போடாது. எல்லையைத் தாண்டி நம் பம்பில்தான் போடும். லிட்டருக்கு ரெண்டு ரூபாய் மிச்சம் என்பதைவிட, அது ஒரு விளையாட்டு. சொட்டுப் பெட்ரோலில் எல்லையைத் தாண்டியதைக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து கதையாகச் சொல்கிறவர்கள் எத்தனை பேர். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

4

பதினோரு வருடம் முன்பு, மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு ஊருக்கு வந்தேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆறு வயது அஜினும் நானும் மட்டும். விமானம் தாமதம், பாஸ்போர்ட் வரிசையில் ஒரு மணி நேரம். ததேயுஸ் அவ்வளவு நேரமும் வெளியே வெயிலில், அஜின் ஏறும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஏசியை ஓடவிட்டுக் காத்திருந்தான். நாங்கள் புறப்படும்போது பகல் பத்து மணி இருக்கும்.

பாறசாலை தாண்டி, களியக்காவிளைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இருமி இருமி நின்றது. இடதுபக்கம் மதில்சுவரை ஒட்டி ஒதுக்கினான். பைக்கில் போன ஒருவரை நிறுத்தி ஏறிப் போய், தண்ணீர் பாட்டிலில் ரெண்டு லிட்டர் வாங்கிக்கொண்டு வந்தான். நம் பக்கத்துப் பம்பில் வாங்கிய பெட்ரோல்தான். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, மூடியைத் திறந்து டேங்க் வாய்க்குள் செருகி, வலதுபக்கம் நின்று, குனிந்து ஊற்றினான். கேரளத்தில் கல் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லாரி ஒன்று பின்னாலிருந்து வந்தது.

நான் நர்ஸ். இறங்கி ஓடி, ரோட்டில் மண்டியிட்டு, செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. லாரி டிரைவர் ஓடவில்லை. மதிலோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அஜின் பின்சீட்டில் இருந்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்று நான் நம்பினேன்.

போலீஸிடம் சொன்னது, தம்பி மனைவி லீமாவிடம் சொன்னது, உங்கள் எல்லோரிடமும் சொன்னது இவ்வளவுதான்.

5

சம்பவம் நடந்தது கேரள எல்லைக்குள். இன்னும் ஒரு கிலோமீட்டர் தாண்டி நடந்திருந்தால் எல்லாம் நம் தாலுகாவிலேயே முடிந்திருக்கும். பிரேத பரிசோதனை அங்கே, வழக்கு அங்கே, இறப்புச் சான்று மலையாளத்தில். அதை நம் பக்கத்து அலுவலகத்தில் கொடுத்தால் மொழிபெயர்த்து முத்திரை வாங்கி வா என்றார்கள். முத்திரையோடு போனால் அசலை அங்கே போய் மறுபடி சரிபார்த்து வா என்றார்கள். எனக்கு விடுப்பு முடிந்துவிட்டது. ஆறு வயதுப் பெண் அனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு லீமா பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். இங்கே வார்டில் நின்றுகொண்டு நான் போனில் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்வது எனக்குத் தொழில், நன்றாகவே சொன்னேன்.

அடக்கத்தன்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கேரளத்தில் போடாமல் எல்லை தாண்டிப் போடலாம் என்று நினைத்திருக்கிறான், ரெண்டு ரூபாய்க்கு உயிரை விட்டான். பாவம் என்று சொல்லிக்கொண்டே சொன்னார்கள். நாற்பதாம் நாள் முடிவதற்குள் அவன் “ரெண்டு ரூவா ததேயுஸு” ஆகிவிட்டான். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்குக்கூட ஆட்டோ பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறவன், இரவல் கேட்டவனிடம் இல்லையென்று சொல்லத் தெரியாதவன், பிசினாரி ஆனான். அனிஷாவைப் பள்ளிக்கூடத்தில் “ரெண்டு ரூவா மவ” என்றிருக்கிறார்கள். அவள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “அம்மா, அப்பாக்கு நம்மளவிட ரெண்டு ரூவா பெருசா?” என்று கேட்டாளாம். லீமாவே போனில் இதைச் சொல்லி அழுதாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாம் அந்தக் காராலதான் லீமா. மூடி இடது பக்கம் இருந்திருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.” பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னேன். அதற்காகவே வாசித்தேன், படம் போட்டு விளக்கினேன், கார் வாங்குகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் புத்தி சொன்னேன். குற்றத்தைச் சுமத்த ஒரு தகர மூடி கிடைத்தது, பதினோரு வருடம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

6

கார் வேண்டாம் என்று சொன்ன மறுவாரம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அஜின் அடுக்களைக்கு வந்து நின்றான். அந்தக் காரை இன்னும் விற்கவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது.

“மாமா எப்படிச் செத்தாவன்னு தெரிஞ்சுமா கேக்குத? அந்த மூடி மட்டும் இந்தப் பக்கம் இருந்திருந்தா…”

“மூடியால இல்லம்மா” என்றான். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவன், இதைத் தமிழில் சொன்னான். தட்டுத்தடுமாறித்தான் சொன்னான். “மாமா மூணு தடவ கேட்டாங்க. நீங்கதான் போ, போன்னு சொன்னீங்க.”

கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தேன். “உனக்கு அப்போ ஆறு வயசு.”

“நான் தூங்கல.”

“யாருட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“ஏன்?”

“நீங்க சொல்லல. அதனால சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான். மாடிக்குப் போய்விட்டான்.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. முதலில் பாலராமபுரத்தில் ததேயுஸ் வண்டியை மெதுவாக்கி, “அக்கா, முள்ளு கீழ போயிட்டு. கொஞ்சம் அடிச்சுக்கட்டா?” என்று கேட்டான். “ஏலே, நீ எப்பம்ல கேரளாக்காரன் ஆன? நேரா விடு” என்றேன். நெய்யாற்றின்கரையில் மறுபடி கேட்டான், ஒரு நூறு ரூபாய்க்காவது போடுவோம் என்றான். சிரித்தேன். பாறசாலையில் பம்புக்குள் வண்டியைத் திருப்பியே விட்டான். “பிள்ள இருக்கான்லா வண்டில, எதுக்குக்கா வெள்ளாட்டு?” என்றான். நான் அவன் தோளில் தட்டி, “போ மக்கா, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். அக்கா சொல்லுதேன்லா, போ” என்றேன். அக்கா சொன்னால் அவன் கேட்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எனக்கு அந்த ரெண்டு ரூபாய் ஒரு பொருட்டா? ஐரோப்பியச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் மூன்று வருடம் கழித்து வருகிறேன், வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் இன்னும் களியக்காவிளை தாண்டித்தான் பெட்ரோல் போடுகிறவள் என்று காட்டிக்கொள்ள வேண்டும். யாரிடம் காட்டினேன்? சொந்தத் தம்பியிடம். ஊரில் இருக்கிறவனுக்கு அப்படி எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அவனுக்குப் பெட்ரோல் போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீமா போனில் வந்தால் அஜின் பேச மாட்டான். “அத்தைக்கு ஒரு வார்த்த சொல்லு” என்றால் எழுந்து போய்விடுவான். தமிழ் மறந்துவிட்டது, சொந்தபந்தம் மறந்துவிட்டது, இந்த ஊர் பிள்ளையைப் பறித்துக்கொண்டது என்று இதே மலரில் நான் இரண்டு முறை ஒப்பாரி வைத்திருக்கிறேன். பிள்ளைகளைத் தமிழில் வளர்ப்பது எப்படி என்று உங்களுக்கு அறிவுரையும் எழுதினேன். அவனை எந்த ஊரும் பறிக்கவில்லை. அத்தையிடம் பேசினால் எதையாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்து அவன் விலகியிருக்கிறான். ஆறு வயதுப் பிள்ளையின் வாயை நான் கட்டிவைத்திருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த அருவருப்பைச் சொல்ல இங்கே வேறு வார்த்தை இல்லை.

அந்தக் காரை அவன் வாங்கிவிட்டான். தடுக்க எனக்கு வாய் இல்லை. இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீமாவைக் கூப்பிட்டேன். இங்கே மதியம், அங்கே சாயங்காலம். ஆண்டுப் பூசைக்குப் பாட்டுக்குழு சொல்லியாயிற்று, சாமியாரும் சம்மதித்துவிட்டார் என்று அவளே ஆரம்பித்தாள்.

“லீமா, ஒரு காரியம் சொல்லணும். உக்காந்துக்க.”

“இருங்க மைனி, அடுப்ப அணைச்சிட்டு வாரேன்.”

வந்தாள். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, அழவும் இல்லை. அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். மூன்று பம்பையும் பெயர் சொல்லிச் சொன்னேன்.



“அவரு கேட்டாரா?” என்றாள்.

“கேட்டான்.”

“பிள்ள இருக்கான்னு சொன்னாரா?”

“சொன்னான் லீமா.”

பிறகு அவள் பேசிய குரலை நான் இதற்கு முன்பு கேட்டதில்லை.

“மைனி, அவரு பெட்டில கெடக்கும்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாரும் ஒப்பாரி வச்சு அழுதாவ. நான் அவரு நெஞ்சுல அடிச்சு, ரெண்டு ரூவாய்க்கு எங்கள விட்டுட்டுப் போனீயளேன்னு ஏசினேன். மூடுத வர ஏசினேன். நான் அவருட்ட கடைசியா பேசினது அதுதான். நீங்க அப்போ எனக்குப் பக்கத்துலதான் நின்னிய. என் கையப் பிடிச்சிட்டு நின்னிய.”

நின்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

“மன்னிச்சிரு லீமா.”

“மன்னிப்பெல்லாம் பொறவு பாப்போம். எனக்கு இப்பம் அது வரல்ல.” மூச்சு வாங்கினாள். “பதினோரு வருசமா கல்லறைக்குப் போயி மெழுகுதிரி கொளுத்திட்டு ஏசிட்டுத்தான் வாரேன். பிள்ளைக்கும் அதத்தான் சொல்லி வளத்திருக்கேன், உங்கப்பன மாதிரி பிசினாரியா இருக்காதன்னு. அத நான் இனி எப்பிடித் திரும்ப எடுக்க?”

அவளே தொடர்ந்தாள்.

“நீங்க வருசா வருசம் மலருக்கு எழுதுதியள்லா. ஊரே வாசிச்சுச் சிரிக்கும். இந்த வருசம் இத எழுதுங்க. சுத்தி வளைக்காம எழுதுங்க. யாரோ ஒரு அக்கான்னு எழுதிராதீங்க, உங்க பேரப் போடுங்க. பூசையன்னைக்கு எல்லாரு கையிலயும் மலர் இருக்கும். என் மவ அத வாசிக்கணும்.” போனை வைக்கப் போனவள் மறுபடி பேசினாள். “அதுவர என்னக் கூப்பிடாதீங்க மைனி.”

கூப்பிடவில்லை. எழுதிவிட்டேன்.

அனிஷா, உன் அப்பா அன்றைக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை வண்டியைப் பம்புக்குள்ளேயே திருப்பினார். பின்சீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறான் என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். வேண்டாம், நேரே போ என்று சொன்னவள் அவருடைய அக்கா ஜெசிந்தா.